கீழே கிடந்த நெல்

ஜனவரி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, காலை ஆறு ஐம்பது. வானம் மூடியிருந்தது. மழை இல்லை; ஆறு நாள் விட்டுவிட்டுப் பெய்து, முந்தின நாள் மாலைதான் ஓய்ந்திருந்தது. பொன்னேரிக்குக் கிழக்கே அந்த ஊரில், பொங்கலுக்கு அடுத்த நாள் அறுக்க வேண்டிய நெல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பல கதிர்களில் மணி பச்சையாக முளை விட்டிருந்தது. நான் வரப்பில் இரண்டு முறை வழுக்கினேன். கையில் தராசுப் பெட்டி இருந்ததால் குடையை விட்டுவிட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டேன். குடை சேற்றில் விழுந்து நனைந்தது. தராசு நனையவில்லை.

அந்தக் காலையில் என்னோடு வயலில் இறங்கியவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பெயரை எழுதமாட்டேன். அவர் இருக்கிறார், தன்னைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பது அவருக்கு ஒரு முறை தெரிந்துவிட்டது. ஊரில் வயதில் சிறியவர்கள் அக்கா என்பார்கள், பெரியவர்களும் அக்கா என்பார்கள். நான் அம்மா என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தாறு. எட்டு வருடம் ஆகிறது.

நான் புள்ளிவிவர வேலையில் முப்பத்துமூன்று வருடம் இருந்தவன். என் வேலையில் ஒரு பகுதி, நெல் எவ்வளவு விளைந்தது என்று அளப்பது. ஊர் முழுவதையும் நிறுக்க முடியாது. அதனால் சீட்டுக் குலுக்கியது போல நான்கு வயல்கள் தேர்வாகும். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் முளையடித்துக் கயிறு கட்டுவோம். அந்தச் சதுரத்துக்குப் பாத்தி என்று பெயர் வைத்திருந்தோம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, காயவைத்து நிறுத்தால், அதை நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் கணக்கு வரும். நான்கு பாத்தியின் சராசரி ஊரின் விளைச்சல். பயிர்க் காப்பீட்டுப் பணம் வருமா வராதா என்பதும் அந்த நான்கு பாத்தியில்தான் இருக்கிறது. நூறு இருநூறு ஏக்கரின் கதி நூறு சதுர மீட்டரில். இதை நினைத்து நான் அறுவடைக் காலம் முழுவதும் சரியாகத் தூங்கமாட்டேன்.

அந்த ஊரில் பாத்தி அறுக்க எப்போதும் அவரைத்தான் கூப்பிடுவோம். காரணம் உண்டு. முதல் முறை அவரைப் பார்த்த வருடம், தராசுத் தட்டிலிருந்து சாக்குக்கு மாற்றும்போது என் கை தவறி ஒரு பிடி நெல் தரையில் கொட்டியது. வெயிலில் வெடித்த தரை. மற்றவர்கள் "வுடு சார்" என்றார்கள். அவர் உட்கார்ந்தார். வெடிப்புக்குள் ஈர்க்குச்சியை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியில் உள்ளங்கையை என்னிடம் நீட்டினார்.

"பதினேழு கீது சார். சாக்குல போட்டுக்கோ."

பதினேழையும் நான் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

கீழே கிடக்கும் நெல்லை அவரால் பார்த்துக்கொண்டு போக முடியாது. அரிசியானாலும் அப்படித்தான். இதை ஊரில் சிலர் பேராசை என்று நினைத்திருந்தார்கள். இல்லை. அறுவடை முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். கொள்முதல் நிலையத்தில் லாரிக்குச் சாக்கு ஏறும்போது சிந்துவதைச் சின்னத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் புடைத்து, எவருடைய குவியலிலிருந்து சிந்தியதோ அவருடைய குவியலிலேயே கொட்டுவார். ரேஷன் கடையில் மூட்டை இறக்கும் நாளில் எட்டரை மணிக்கே போய் நிற்பார். வாசலில் சிதறிய அரிசியைக் கூட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் தன் அட்டையை நீட்டுவார். கடைக்காரர் ஒரு நாள் அலுத்துக்கொண்டு, "யக்கா, இது கவுருமென்ட் அரிசி. கவுருமென்ட்டுக்கு ஒரு பிடி போனா பேஜாரு இல்ல" என்றார்.

"கவுருமென்ட்டா துன்னுது? யாரோ ஒருத்தன் துன்றான் இல்ல" என்றாராம் இவர்.

அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு அவருக்கு வேலை கூடிவிட்டது. இயந்திரம் வைக்கோலோடு நெல்லையும் பின்னால் துப்பிக்கொண்டே போகும். அவர் கூடையோடு பின்னாலேயே நடப்பார். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திக் கத்துவார். "இன்னாக்கா, கோழிக்குப் போட்டியா?"

"கோழி துன்னா முட்டயாவது போடும். மண்ணு துன்னா இன்னா போடும்? நீ மொதல்ல அந்த சல்லடய இறுக்கு."

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறார். ஒருவரிடம் தன் மாமியாரின் பழக்கம் என்றார். இன்னொருவரிடம் சாமி உத்தரவு என்றார். பெரியபாளையம் கோயிலுக்குப் போய்வந்த ஒரு ஆடி மாதம் என்னிடம் கேட்காமலேயே சொன்னார்: "மண்ணுக்குத் துன்னக் குடுத்துட்டு மனுசன் இன்னாத்த துன்னுவான் சார்." அதை விளக்கமாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அவர் தானும் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார். காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். மகள் காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். அவள் சம்பளத்தில்தான் உரம் வாங்கினார். மார்கழி முடிய பயிர் நன்றாக இருந்தது. தை பிறந்த கையோடு மழை. முன்பெல்லாம் கார்த்திகையோடு நின்றுவிடும் மழை, கதிர் முற்றிய பிறகு வந்து அடிக்கிறது. ஏழு வருடத்தில் இது மூன்றாவது தடவை.

அன்று நான் எடைக்குப் போனது நான்காவது பாத்திக்கு. முதல் மூன்றையும் முந்தின இரண்டு நாளில், மழை விட்ட இடைவெளியில் முடித்திருந்தோம். மூன்றையும் அவர்தான் அறுத்தார். நான்காவது, ஊரில் எல்லாரும் நைனா என்று கூப்பிடும் வயல்காரருடைய நிலம். இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் ஒரு இளைஞர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு கட்டினோம். அந்த அம்மா அறுத்தார். அறுத்ததை அடித்துத் தூற்றியாயிற்று. பிறகு அவர் மறுபடியும் பாத்திக்குள் இறங்கினார்.

சேற்றில் உதிர்ந்து கிடந்த நெல்லைக் கூட்டினார். சல்லடையில் அள்ளினார். வாய்க்காலில் அலசினார். திரும்பி வந்து அடுத்த முழம். முந்தின மூன்று பாத்தியிலும் இதையேதான் செய்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம்.

நைனாவுக்கு முகம் மாறிக்கொண்டே வந்தது. இளைஞர் எதிரில் வெளிப்படையாகப் பேசவும் முடியவில்லை.

"யக்கா, எந்திரி. போதும்."

"இரு நைனா. இந்தாண்ட நெறைய கீது."

"அத்தெல்லாம் மொளச்சிப் போச்சி. யாரு துன்னப் போறா? எந்திரின்றேன் இல்ல!"

"மொளச்சா இன்னா? காயவச்சி இடிச்சா மாவு ஆவும். நம்ம ஊரு நெல்லு கொறச்சலாப் பூடுச்சின்னு எழுதினு போவட்டுமா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சில வருடங்களுக்கு முன் அந்த ஊரில் விளைச்சல் போட்டி நடந்தது. அதற்கும் இப்படித்தான் அதிகாரிகள் வந்து கயிறு கட்டி, அறுத்து, நிறுத்தார்கள். அதிக எடைக்குப் பரிசு. நைனாவின் அண்ணனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அறுத்தவர்களுக்கு ஆளுக்கொரு சில்வர் குடம். அந்த வயலையும் இவர்தான் அறுத்தார். கயிறும் முளையும் தராசும் ஒன்றாக இருந்தால், வேலையும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டார். காப்பீட்டுக்கு எடை குறைந்தால்தான் பணம் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எடை எடுக்கும் முன் அதைச் சொல்வது எனக்குத் தடை. ஆனால் "உதிரி மணி வேண்டாம், எழுந்திருங்கள்" என்று சொல்வதற்குத் தடை இல்லை. பாத்திக்குள் விழுந்த கதிரைச் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. உதிர்ந்த மணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விதி பேசாத இடத்தில் எந்த அதிகாரியும் மணியைப் பொறுக்கச் சொல்வதில்லை. நான் தடுக்காததற்குக் காரணம், அவர் செய்தது எனக்கு அழகாக இருந்தது. ஒரு கிராமும் விடாமல் எண்ணுவதுதான் என் வேலை என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். என்னைப் போல இன்னொரு ஆளை முதல் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிரிலிருந்து வந்த நெல், காய்ந்த எடை, சராசரி ஐந்து கிலோ. தரையிலிருந்து அவர் எடுத்தது சராசரி ஒரு கிலோ இருநூற்று எண்பது கிராம். ஆயிரம் மணி இருபத்திரண்டு கிராம் என்று வைத்தால், ஒரு பாத்திக்கு ஐம்பத்தெட்டாயிரம் மணிக்கு மேல். அந்த ஊருக்குக் குறித்திருந்த எல்லை பாத்திக்கு ஆறேகால் கிலோ. அதற்குக் கீழே போனால்தான் பணம். போகவில்லை. முப்பது கிராம் மேலே நின்றது. நான்கு பாத்திக்கும் சேர்த்து நூற்றிருபது கிராம்.

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவரும் சாட்சியாகக் கைநாட்டு வைத்தார். "எவ்ளோ சார் வந்துச்சி?" என்று கேட்டார். சொன்னேன். "பரவால்லியே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஆறேகால் கிலோ என்ற எல்லையைப் பற்றியும் சொல்லவேண்டும். அது வானத்திலிருந்து வந்ததல்ல. அதே ஊரின் முந்தைய வருடங்களின் விளைச்சலை வைத்துப் போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வயல்களில் ஒரு பாத்திக்குப் பதினோரு கிலோ, பன்னிரண்டு கிலோ நிறுத்திருக்கிறேன். அப்போது ஆறேகால் வந்திருந்தால் பஞ்சம் என்று எழுதியிருப்போம். வெள்ளம், வறட்சி, கடல் பக்கத்திலிருந்து ஏறிய உப்புத் தண்ணீர், மறுபடி வெள்ளம். ஒவ்வொன்றாகச் சராசரிக்குள் புகுந்து எல்லையை இறக்கிவிட்டன. வானிலை கெடக் கெட, கெட்ட விளைச்சலே வழக்கமான விளைச்சலாகப் பதிவாகிறது. பிறகு நட்டம் என்று சொல்ல அதைவிடக் கெடவேண்டும். இதை மேலே எழுதி அனுப்பினேன், இரண்டு முறை. பதில் வரவில்லை. என் ஊரில் மட்டும் இப்படியா, உலகத்தில் நெல்லும் கோதுமையும் விளைகிற எல்லா இடத்திலும் இப்படித்தான் எல்லையை இறக்கிக்கொண்டிருக்கிறோமா என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். டாக்டர் அதை வாயு என்றார்.

ஆகஸ்டில் காப்பீட்டுப் பட்டியல் வந்தது. வடக்கே இருந்த ஊருக்குப் பணம். தெற்கே இருந்த ஊருக்குப் பணம். இந்த ஊருக்குப் பூஜ்யம். ஒரே மழை, ஒரே சேறு. காரணத்தைத் தேட ஊர்க்காரர்களுக்கு நேரமாகவில்லை. நைனா தன் கண்ணால் பார்த்தவர்.

செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே காலுக்கு, அந்த அம்மா திருவள்ளூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். பொன்னேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்குறேன். மூஞ்சப் பாத்து சொல்லு. நான் பொறுக்குனதால தான் ஊருக்குப் பணம் வர்லியா?"

இல்லை, அது கம்ப்யூட்டர் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். என் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

"எவ்ளோ?"

"ஏக்கருக்கு ஆறாயிரம். நீங்க கீழ எடுத்ததைச் சேர்க்காம இருந்தா வந்திருக்கும்."

"ஊருக்கு?"

"காப்பீடு பண்ணது நூத்தி எண்பத்தி நாலு ஏக்கர். பதினோரு லட்சத்து நாலாயிரம்."

அவர் சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அது போட்டி இல்லியா சார்."

"இல்லம்மா."

"என்னுது ஒம்பதாயிரம். அது போனாப் போது. இப்ப நடவு ஆரமிச்சிட்டாங்க சார். ஊர்ல நாலு குரூப்பு நடுது. ஒரு குரூப்புலயும் என்ன கூப்புடல. நான் போய் நின்னேன். நைனா சொல்றாரு, 'நீ எறங்குனா எங்க வயல் வெளங்காது, போ'ன்னு. அந்தப் பொண்ணுங்க முன்னாடி சொன்னாரு. நான் பொறந்த ஊரு சார் அது. நாத்துக் கட்டு என் கையில குடுக்க மாட்றாங்க."

அவர் அழவில்லை. பணம் கேட்கவில்லை. பரிகாரமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ உள்ளத சொன்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன செய்யவேண்டும் என்பது அவர் மாடிப்படி இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தவறு என்னுடையது, உதிரி மணியைச் சேர்க்க நான் அனுமதித்திருக்கக் கூடாது என்று மேலதிகாரிக்கு எழுதவேண்டும். எழுதினால் பணம் வராது; அதற்கான கெடு முடிந்திருந்தது. ஆனால் பழி இடம் மாறும். நான் எழுதவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றேகால் வருடம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் ஓய்வூதியக் கோப்பு நிற்கும் என்று பயம். முதல் வாரம் வாசகத்தை மனதுக்குள் திருத்தினேன். இரண்டாம் வாரம் விதிப் புத்தகத்தைத் திரும்பப் படித்தேன். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் என் மனைவி சொன்னாள்: "எழுதறதுன்னா எழுதுங்க. இல்லன்னா தூங்குங்க. ரெண்டுத்துல ஒண்ணு பண்ணுங்க." நாற்பது நாள் இரண்டையும் செய்யவில்லை.

நாற்பத்தோராம் நாள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகவேண்டியிருந்தது. தொழிற்சாலைகளிலிருந்து வருடாந்திரக் கணக்குப் படிவம் வாங்குவதும் என் வேலை. ஓர் இரும்பு உருக்கு ஆலையில் படிவம் தயாராகவில்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று கேன்டீனுக்கு அனுப்பினார்கள். நானூறு பேர் சாப்பிடும் கூடம். தட்டுகளைக் கொண்டுபோய்ப் போடும் ஜன்னலுக்குப் பக்கத்தில், நீல மேல்சட்டை போட்டுக்கொண்டு, அவர் நின்றிருந்தார். காண்டிராக்டில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

தட்டு கழுவுவதுதான் அவர் வேலை. ஆனால் ஒவ்வொரு தட்டையும் வாங்குவதற்கு முன் அதைப் பார்ப்பார். சோறு மீதி இருந்தால் வாங்கமாட்டார். பெரும்பாலும் ஒடிசா, பீகார் ஆட்கள். தமிழ் தெரியாது.

"துன்னுட்டு வாப்பா. இவ்ளோ வச்சினு எங்க போற?"

அவர்கள் சிரிப்பார்கள். சிலர் அங்கேயே நின்று மீதியை வாயில் போட்டுக்கொண்டு தட்டை நீட்டுவார்கள். ஜன்னலில் வரிசை நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் கத்தினார். "அம்மா, இது கேன்டீன். அன்னதானக் கூடம் இல்ல. தட்ட வாங்கு!"

"வாங்கறேன். காலியா குடுக்கச் சொல்லு."

என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் தட்டைத்தான் முதலில் பார்த்தார். நல்ல வேளை, நான் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

"இங்க ஒருத்தர் கீறாரு சார், ஒடிசா. கிரேன் ஓட்றவரு. நம்ம பாஷ கொஞ்சம் பேசறாரு. அவுங்க ஊர்லயும் அறுக்கற நேரத்துல தான் பெய்தாம். நெல்லு தண்ணியில மெதக்குதாம். அதான் இங்க வந்துட்டேன்றாரு. பீகார்க்காரரு சொல்றாரு, கோதும பால் புடிக்கச்சொல்ல வெயில் அடிச்சி சுருங்கிப் பூடுதாம். நம்ம ஊர்ல நட்டவன் எல்லாம் கம்பெனி பஸ்ஸுல ஏறிட்டான். அவன் ஊர்ல நட்டவன் ரயில் ஏறி இங்க வந்துட்டான்." நிறுத்தி, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த பெரிய அண்டாவைக் காட்டினார். "எல்லாரும் இங்க வந்து தட்ட நீட்னா, இந்த அண்டாக்கு அரிசி எங்கேர்ந்து சார் வரும்?"

உலக உணவுக் கணக்கைப் பற்றி நான் நிறைய படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஊர்ல?" என்று கேட்டேன்.

"ஊர்ல இன்னா. காலைல அஞ்சே முக்காலுக்கு பஸ். ராத்திரி எட்டு மணிக்கு எறக்கி வுடுவான். இருட்டுல போறேன், இருட்டுல வரேன். யார் மூஞ்சியும் பாக்கத் தேவல. அதுவும் நல்லதுதான்."

அன்று மாலை ஆறரைக்கு உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நான்கு பாத்திகளிலும், விதிக்குப் புறம்பாக, தரையில் உதிர்ந்தும் முளைத்தும் கிடந்த, நெல் எனக் கொள்ளத்தகாத மணிகளை எடையில் சேர்க்க நான் அனுமதித்துவிட்டேன். அறுத்த தொழிலாளிக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை. இது என் கவனக்குறைவு. விதி ஒன்றும் சொல்லாத இடத்தில் "விதிக்குப் புறம்பாக" என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. வேறு வார்த்தை போட்டால் கடிதம் நிற்காது. மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜனவரியில் குறிப்பாணை வந்தது. காப்பீட்டுக் கணக்கைத் திருத்த வழியில்லை என்று ஒரு வரி. என் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று பக்கம். இருபது நகல் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் கேனோடு பத்தொன்பது பேர் நின்றிருந்தார்கள். நைனாவும் இருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக நானே சத்தமாகப் படித்தேன்.

நைனா தன் நகலை முழுதும் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஆபீசர் மேல தப்பு."

"ஆமாம்."

"அன்னிக்கே நீ ஒரு வார்த்த எந்திரின்னு சொல்லியிருந்தா போதும் சார். நான் உன் மூஞ்சத்தான பாத்துனு இருந்தேன்."

"ஆமாம்."

"பதினோரு லட்சம் சார்."

"பதினோரு லட்சத்து நாலாயிரம்" என்றேன். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நவரைப் பட்டத்துக்கு நைனாவின் வயலில் நடவு. அந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கேன்டீன் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இதை நைனாவே எனக்குப் போன் செய்து சொன்னார். நான் பார்க்கப் போனேன். போயிருக்க வேண்டாம். ஆனால் முடிந்ததை முடிந்தது என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்கு ஒரு கோப்பை மூடமுடியும்.

பதினோரு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் இடது கோடியிலிருந்து நான்காவது. என்னைப் பார்த்து நிமிர்ந்தார். நாற்றுக் கட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வரப்புக்கு வந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"என் பொண்ணு அந்தக் காகிதத்தப் படிச்சிக் காட்னா சார்."

"சரிம்மா."

"நீ எனக்கோசரம்தான் எழுதன. தெரியும். இல்லன்னா நான் இன்னிக்கு இந்தச் சேத்துல கால் வச்சிருக்க முடியாது. அது வேற." மூச்சு வாங்கினார். "ஆனா இன்னா எழுதிக்கீற? கீழ கெடந்தது நெல்லுன்னு கணக்குல வராதுன்னு எழுதிக்கீற."

"அப்படி எழுதினாத்தான்..."

"நான் அலசி எடுத்தேன். நீ நிறுத்த. ரெண்டு பேரும் பாத்தோம். ஊரு மொறச்சிச்சி, சரி, அவுங்களுக்குப் பணம் போச்சி. உனக்குத் தெரியும் இல்ல சார், அது நெல்லுன்னு? நெல்ல நெல்லு இல்லன்னு எழுதிட்டியே."

முப்பத்துமூன்று வருடத்தில் நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் பொய்யான வரி அது ஒன்றுதான். அதை இவர் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் திரும்பிப் போய் வரிசையில் குனிந்தார். ஒரு பெண் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்; அவரும் சிரித்தது போலத்தான் இருந்தது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பாத்தி அறுக்க அந்த ஊருக்கு வேறு அதிகாரி போனார். உதிர்ந்ததை இப்போதும் எடுக்கிறாரா என்று ஒரு முறை நைனாவிடம் போனில் கேட்டேன். "எடுக்காத இருக்குமா அது? ஆனா ஆபீசருங்க கயிறு கட்ற அன்னிக்கு மட்டும் ஊட்டுக்குள்ள பூந்து கதவ சாத்திக்குது" என்றார்.

விசாரணை ஏழு மாதத்தில் முடிந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம்; ஓய்வுக்கு அவ்வளவு காலம் இல்லாததால் தொகையாகப் பிடித்துக்கொண்டார்கள். அகவிலைப்படியோடு மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது; பன்னிரண்டு மாதத்துக்கு இருபத்து மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு. பதிவுத் தபால் இருபத்தைந்து. நகல் இருபது, ஒன்று இரண்டு ரூபாய் வீதம் நாற்பது. அந்த ஊருக்கு இதற்காகப் போய்வந்தது, விசாரணைக்குப் போன ஒரு நாளும் சேர்த்து, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐம்பத்தாறு வீதம் நூற்று அறுபத்தெட்டு. மொத்தம் இருபத்து நாலாயிரத்து நூற்றியொரு ரூபாய்.